கை நனைக்காதவர்

அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. சோறு போட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.

போலீஸில் பெரிய பதவியில் இருந்தவர். பெயர் வேண்டாம். அவருடைய பிள்ளைகள் மெட்ராஸில் எங்கேயோ நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், பாவம்.

நான் அப்போது ஹைதராபாத்தில், குஷாய்குடாவில் ஓர் அரசாங்கக் கம்பெனியில் டைப்பிஸ்ட். வீடு மல்காஜ்கிரியில். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வெளியில் தெலுங்கும் உருதும் கலந்து அடித்தாலும் வீட்டுக்குள் குடியாத்தத்துத் தமிழை விடாமல் வைத்திருந்தார். எனக்குக் கம்பெனியில் விஜிலென்ஸ் பிரிவில் வேலை. திருட்டையும் லஞ்சத்தையும் கண்டுபிடிக்கிற பிரிவு என்று அதற்குப் பெயர். உண்மையில் மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காமல் போன போலீஸ் அதிகாரிகளைக் கொண்டுவந்து உட்காரவைக்கிற இடம் அது. மாநிலத்தில் ஒரு முதலமைச்சர் போய் இன்னொருவர் வந்தால், யாராவது ஒரு பெரிய அதிகாரிக்கு ஜீப்பும் சல்யூட்டும் போய்விடும். அவர் எங்கள் அறையில் இருந்த பச்சை ரெக்ஸின் நாற்காலிக்கு வந்து சேருவார். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். மறுபடி காற்று மாறினால் கிளம்பிவிடுவார். இவரும் அப்படித்தான் வந்தார்.

ஆனால் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. முதல் நாளே கையில் ஐந்தடுக்கு டிபன் கேரியரோடு உள்ளே நுழைந்தார். ஒற்றை ஆளுக்கு எதற்கு ஐந்து அடுக்கு என்று நானும் பியூனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மனைவி, பிள்ளைகளின் படிப்புக்காக மெட்ராஸில் தங்கிவிட்டாள். இவரே சமைத்துக்கொள்வார். திருநெல்வேலிக்காரர். விடியும்போதே எழுந்து தேங்காய் துருவிப் பால் எடுத்து, பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டுச் சொதி வைப்பார். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. காரக்குழம்பைத் தவிர வேறு குழம்பு அறியாத குடும்பம் எங்களுடையது. முதல் நாள் மத்தியானமே எனக்கும் ஒரு தட்டில் போட்டார். வெட்கமில்லாமல் இன்னொரு கரண்டி கேட்டேன்.

"நல்லா விட்டுக்கோ தாயி. பச்சடியத் தொட்டுக்கோ. அது இல்லாட்டி சொதி செமிக்காது," என்றார்.

அந்தச் சாப்பாடு முடிவதற்குள் அப்பாவின் சம்பளம், தம்பி பரீட்சையில் கோட்டைவிட்டது, எனக்கு வந்த வரன்கள் தட்டிப்போன காரணம் எல்லாவற்றையும் நான் அவரிடம் ஒப்பித்திருந்தேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான், இதையெல்லாம் அந்த மனிதரிடம் எதற்குச் சொன்னோம் என்று யோசித்தேன்.

பிறகு புரிந்துகொண்டேன், அவருடைய வேலையே அதுதான் என்று. ஸ்டோரிலிருந்து செம்புக் கம்பி காணாமல் போய்க்கொண்டிருந்தது. இவருக்கு முன்னால் இருந்த அதிகாரி மேசையைத் தட்டி, கத்தி, பத்துப் பேரைச் சஸ்பெண்ட் செய்துவிடுவேன் என்று மிரட்டிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. இவர் ஸ்டோர் குமாஸ்தாவை மத்தியானம் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் ஒரு தெலுங்குக்காரர். இவர் தெலுங்கில் ஊர்க் கதை பேசிக்கொண்டே தட்டில் சோற்றைப் போட்டார். சொதியை ஊற்றினார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். அந்த நிறுத்தம்தான் விஷயம். எதிரில் உட்கார்ந்து, பெற்ற பிள்ளை சாப்பிடுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டாவது கரண்டி விழுவதற்குள் அந்தக் குமாஸ்தா அழ ஆரம்பித்துவிட்டார். கம்பியை வெளியே கொண்டுபோகும் லாரிக் காண்ட்ராக்டரின் பெயரும் வந்துவிட்டது.

அந்தக் காண்ட்ராக்டர் பழைய சிட்டி மனிதர். இதையெல்லாம் முன்பே கேள்விப்பட்டிருப்பார் போலிருக்கிறது. தட்டைப் பார்த்ததும், "நக்கோ சாப், நக்கோ. பேட் பரா ஹை," என்று வயிறு நிறைந்திருப்பதாகத் தடவிக் காட்டினார்.

"அரே காவ் மியா, கைக்கு ஷர்மாரே?" என்று, சாப்பிட என்ன வெட்கம் என்பது போல இவர் சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்தார். அவரும் சாப்பிட்டார். அவரும் சொன்னார்.

"வாயில சோறு இருக்கையில மனுசனுக்குப் பொய் சொல்ல வராது தாயி. பொய்க்கு வெறும் வாய் வேணும்," என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. இஞ்சியைத் தோல் சீவி அரைக்க வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னார்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்த கதையும் சோற்றுக் கதைதான். நகரத்தில் கலவரமான நாட்களில் ஓர் அரசியல்வாதியைப் பிடித்து ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்தார்களாம். இவர் இட்லி வாங்கிக் கொடுத்தாராம். மனிதர் தின்றுகொண்டே, யார் யார் கல் எறிய ஆள் அனுப்பினார்கள் என்று தன் கூட்டாளிகள் அத்தனை பேரையும் சொல்லிவிட்டார். காலம் திரும்பி அவர் மந்திரியாகிவிட்டார். முதல் வேலையாக இவரைத் தூக்கி எங்கள் கம்பெனியில் போட்டார்.

"அடிச்சிருந்தா மன்னிச்சிருப்பான். அடி வாங்குனவன் வெளிய போயி தியாகின்னு சொல்லிக்கிடலாம். இட்லி தின்னுட்டுச் சொன்னவன் என்னன்னு சொல்லிக்கிடுவான்? அதான் கோவம்," என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

பிடிக்காமல் எப்படி இருக்கும்? தோட்டக்காரனையும் கக்கூஸ் கழுவுகிற அம்மாளையும் அதே மேசையில் உட்காரவைத்து அதே தட்டில் போடுவார். மல்காஜ்கிரியில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் சாமி மாதிரி. கேஸ் கனெக்‌ஷன் வேண்டுமா, பொங்கலுக்கு மெட்ராஸ் போக ரயிலில் இடம் வேண்டுமா, தெருச் சண்டையில் பையன் பெயர் ஸ்டேஷனில் எழுதப்பட்டுவிட்டதா, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போவார்கள். "நம்ம ஆபீசர்" என்றுதான் பேச்சு. சொந்த ஊரில் திருநெல்வேலிக்காரனும் குடியாத்தத்துக்காரனும் ஒருவன் பேச்சை ஒருவன் கேலி செய்வான். இங்கே தமிழில் "சாப்பிட்டியா" என்று கேட்டால் போதும், உறவாகிவிடுவான். எங்கள் ஜனங்கள் செய்த தப்பு அதுதான். அவர் உருதுக்காரனிடம் உருது பேசினார், தெலுங்குக்காரனிடம் தெலுங்கு பேசினார். எங்களிடம் தமிழ் பேசியதை மட்டும் நாங்கள் பாசம் என்று எடுத்துக்கொண்டோம்.

இவ்வளவு பேருக்குச் சோறு போட்டவர் யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார். ஒரு பொங்கலுக்கு அப்பா அவரை வீட்டுக்கு அழைத்திருந்தார். வந்தார். வாசலில் நின்று கோலம் நன்றாயிருக்கிறது என்றார். அம்மா இலை போட்டுக் காத்திருந்தாள்.

"ஒரு வாயாவது சாப்டுங்க சார். இன்னா சார் இது, நல்ல நாளும் அதுவுமா," என்று அப்பா கெஞ்சினார்.

"வேண்டாம்வே, வற்புறுத்தாதீரும். பழக்கமில்ல," என்றார். அம்மா நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை. வெளியே வரும்போது என்னிடம் மட்டும் தணிந்த குரலில், "சாப்பிட்டா பேசணும்லா தாயி," என்றார்.

அவர் மேசையில் டிரான்சிஸ்டர் ஒன்று இருக்கும். மத்தியானச் செய்தி வந்தால் கரண்டி பாதியில் நிற்கும். யார் டெல்லிக்குப் போனார், யார் ராஜினாமா செய்தார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். டெலிபோன் மணி அடித்தால் சட்டென்று நிமிர்வார். அது கேன்டீனிலிருந்து வந்ததாக இருக்கும். மறுபடி தோள் தொங்கிவிடும். திரும்பவும் சீருடை போட வேண்டும், திரும்பவும் ஜீப்பில் ஏற வேண்டும் என்கிற பசி அந்த மனிதருக்குள் எரிந்துகொண்டே இருந்தது. அடுத்தவர் பசியை அவ்வளவு நன்றாக அறிந்தவர், தன் பசியைச் சொதியால் தணிக்க முடியாமல் தவித்தார்.

தனலட்சுமி அக்கா எங்கள் கம்பெனியில் ஒயரிங் பகுதியில் இருந்தாள். அவள் புருஷன் அப்பாவோடு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். நெஞ்சு வலியில் சீக்கிரமே போய்விட்டார். ஒரே பையன் சேகர். யுனிவர்சிடியில் படித்துக்கொண்டிருந்தான். அவள் தமிழில் கேட்டால் அவன் தெலுங்கில் பதில் சொல்வான். "சோறு துன்றியாடா?" என்றால் "தர்வாத்த தின்டானு அம்மா" என்பான். பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஒருநாள் சாப்பிடாமல் போய்விட்டான். எமர்ஜென்சி வந்திருந்தது. அவனுடைய கூட்டாளிகள் சிலர் பிடிபட்டார்கள், சிலர் காட்டுப் பக்கம் போனார்கள். சேகர் அரசாங்கத்தை எதிர்த்துச் சுவரொட்டி ஒட்டியதற்கு மேல் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. போலீஸ் அக்காவின் வீட்டில் அரிசி டின்னைக் கவிழ்த்துத் தேடிவிட்டுப் போனது.

அவன் எங்கே இருக்கிறான் என்று அக்காவுக்குத் தெரியும். உள்ளூர் ஸ்டேஷன்காரர்கள் கையில் சிக்கினால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று பயந்தாள். பெரிய அதிகாரி ஒருவர் மூலமாகக் கோர்ட்டில் ஒப்படைத்தால் உயிராவது தப்பும் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். நம்ம ஆபீசர் இருக்கும்போது என்ன கவலை?

அவள் என் மேசைக்கு வந்து நின்றபோது நான் எழுந்து அவள் கையைப் பிடித்தேன். உள்ளே அவர் கேரியரைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, என்ன வேணா பேசுங்க. சோறு போட்டா மட்டும் சாப்பிடாதீங்க," என்றேன்.

"ஏண்டி?"

"சாப்பிட்டவங்க யாரும் சொல்லாம வெளிய வந்ததில்ல."

"போடி பைத்தியம். நானு இன்னா திருடியா? மொதல்ல அவரு வார்த்த குடுக்கட்டும். எடத்த அதுக்கப்புறந்தான் சொல்லுவேன்," என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு திறந்தே இருந்தது. நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் எழுந்து நின்று அவளை வரவேற்றார். "உக்காரு தாயி. மொகமெல்லாம் வாடிக் கிடக்கே. காலையில எதும் சாப்பிட்டியா?" அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். தட்டு வந்தது. சோறு விழுந்தது. அவர் தன் கையால் நெய் விட்டார். அவ்வளவுதான், அவள் உடைந்துவிட்டாள். புருஷன் போனதிலிருந்து தனக்கு யாரும் பரிமாறியதில்லை என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"எம்புள்ளய அடிக்க மாட்டாங்களே சார்?"

"நான் பாத்துக்கிடுதேன் தாயி. கோர்ட்ல நிறுத்துவோம். கொஞ்ச நாள் உள்ள இருப்பான். வெளிய வந்து பரீட்ச எழுதட்டும். நீ சாப்பிடு."

பிறகு அவர் பேசவில்லை. சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மௌலாலியில், பாழடைந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒன்றில், என் அப்பாவின் சிநேகிதர் ஒருவருடைய பாதுகாப்பில் சேகர் இருப்பதை அவள் விசும்பலுக்கு நடுவே சொன்னது என் காதிலும் விழுந்தது.

"மோர் விட்டுக்கோ," என்றார் அவர்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தவர் டெலிபோனை எடுத்தார். அதுவரை மணி அடிப்பதற்காகக் காத்திருந்தே பழகியவர், அன்று தானே நம்பரைச் சுழற்றினார். எதிர்முனையில் யாரோ வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "எஸ் சார். ஐ ஹேவ் ஹிம் சார்," என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில் கடைசி மூட்டை பிரிக்கும்போது வரிசையில் நிற்பவன் குரல் அது.

அந்த வாரமே அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மறுபடி சீருடை. முன்பிருந்ததைவிடப் பெரிய பதவி. ஜீப் வந்து எங்கள் வாசலில் நின்றது. கம்பெனியே கூடி மாலை போட்டது. அவர் கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். சேகரை அதற்கு முந்தைய நாளே மௌலாலியிலிருந்து போலீஸ் கூட்டிப் போயிருந்தது.

கோர்ட்டில் அவனை யாரும் நிறுத்தவில்லை. எந்த ஜெயிலிலும் அவன் பெயர் இல்லை. அப்படி ஒருவனை நாங்கள் பிடிக்கவே இல்லை என்று போலீஸ் சொல்லிவிட்டது. அக்கா ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள். அப்பா அவளை ஒருநாள் அவருடைய புது ஆபீஸுக்கு அழைத்துப் போனார். காலையிலிருந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வெளியே வரவில்லை. மத்தியானம் ஒரு கான்ஸ்டபிள் இரண்டு தட்டுகளில் பிஸ்கட்டும் டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஐயா சாப்பிடச் சொன்னார்," என்று தெலுங்கில் சொல்லிப் போனான். டீயில் ஆடை படர்கிறவரை அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. "நம்ம ஆபீசர்" என்கிற வார்த்தை அதோடு எங்கள் வீட்டில் நின்றது.

எமர்ஜென்சி போயிற்று. டெல்லியில் ஆட்சி மாறிற்று. விசாரணை என்றார்கள். அவரையும் கூப்பிட்டுக் கேட்டதாகவும், நினைவில்லை என்று அவர் சொல்லிவிட்டதாகவும் பேசிக்கொண்டார்கள். ஹைதராபாத்தில் முதலமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அவர் ஓர் அங்குலம் நகர்ந்தார், ஆனால் விழவில்லை. கடைசியில் ஆண்டுகொண்டிருந்த கட்சியே மொத்தமாகத் தோற்று, புது ஆட்கள் செக்ரடேரியட்டுக்குள் வந்தபோதுதான் விழுந்தார். விழுந்து எங்கே வருவார்? அதே அறை, அதே பச்சை நாற்காலி. ரெக்ஸின் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் ஆகியிருந்தன. அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

கேரியர் மட்டும் அதேதான். மத்தியானம் திறந்து வைப்பார். ஆள் வர மாட்டான். கூப்பிட்டவர்கள் எல்லோரும் வயிறு சரியில்லை என்றார்கள். தோட்டக்காரன்கூட நழுவினான். இரண்டு வாய் தின்றுவிட்டு மிச்சத்தை மூடி வைப்பார். நான் என் மேசையிலேயே என் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் உள்ளே போய், "சேகர் என்ன ஆனான் சார்?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் டிரான்சிஸ்டரின் திருகைத் திருகிக்கொண்டிருந்தார். திருகை விடாமலே, "நான் ஒப்படைக்கையில நல்லாத்தான் இருந்தான் தாயி. சோறு போட்டுத்தான் அனுப்புனேன்," என்றார். பிறகு அவராகவே, "கத்திரிக்காக் கொழம்பு கிடைக்குமான்னு கேட்டான். எங்கிட்ட சொதிதான் இருந்துது," என்றார்.

மறுபடி திருகைத் திருகினார். எனக்கு அந்த டிரான்சிஸ்டரைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டு அவள் அழவில்லை. "தமிழ்லயா கேட்டானாம்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான். அவன் இருக்கிறானா, இல்லையா. யாராவது ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள், கருமாதி செய்துவிடு, ஆத்மா அலையும் என்று நெருக்கினார்கள். "உசுரோட கீறவனுக்கு எவனாச்சும் கருமாதி பண்ணுவானா?" என்று சண்டைக்குப் போவாள். ஆனால் தை அமாவாசை வந்தால் புருஷனுக்குப் படைத்த இலைக்கு முன்னால் நின்றுவிடுவாள். பையன் பேரைச் சேர்க்கவும் முடியாது, விடவும் முடியாது. தினமும் அவனுக்கு ஒரு பிடி சோறு பானையில் மிச்சம் வைத்தாள். காலையில் அதில் தண்ணீர் ஊற்றித் தானே குடித்தாள். அவள் இரண்டு மூன்று தடவை அவரிடம் வந்து நின்றாள். "பாக்கலாம் தாயி," என்று சொல்லி அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அவர் ரிட்டையராகும் நாள் வந்தது. எங்கள் கம்பெனியில் ரிட்டையராகிறவருக்கு மாலை போட்டு, கேன்டீனில் விருந்து வைத்து, கம்பெனி ஜீப்பில் வீடு வரை கொண்டு விடுவது வழக்கம். விருந்து வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். வைத்தால் யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். அன்று கேரியரும் கொண்டுவரவில்லை. வீட்டுச் சாமான்களைக் கட்டி மெட்ராஸுக்கு அனுப்பியாகிவிட்டது. மத்தியானச் சங்கு ஊதியது. மேசையைத் துடைத்து வைத்துவிட்டு வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்.

அக்கா வந்தாள். கையில் டிபன் கேரியர். என் மேசையைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய் மேசையில் ஓர் எவர்சில்வர் தட்டை வைத்தாள். சோற்றைப் போட்டாள். அடுத்த அடுக்கைத் திறந்தாள். வாசனை என் மேசை வரை வந்தது. கத்திரிக்காய்க் காரக்குழம்பு.

அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் எழுந்திருப்பார், பழக்கமில்லை என்பார் என்று நினைத்தேன். எழுந்தார். மூலையில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சாப்டுங்க சார்," என்றாள்.

அவர் பிசைந்தார். முதல் வாய். இரண்டாவது வாய். அவள் எதிரில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்து கதவருகில் போய் நின்றேன். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவருடைய விரல்கள் தட்டில் நின்றன.

"தை அமாவாசை கழிஞ்சு மூணாம்பிறை அன்னைக்கு," என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலையில. பொழுது விடிஞ்சிருந்துது."

தேதி சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அந்த மனிதர் சேகர் செத்த திதியை நினைவில் வைத்திருந்தார். ஒரு தாய்க்கு எது வேண்டியிருக்கும் என்று அன்றைக்கே தெரிந்து, எடுத்து வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் மூன்று அரசாங்கங்களுக்குச் சல்யூட் அடித்துக்கொண்டு, அவள் வந்து நின்றபோதெல்லாம் ஜன்னலைப் பார்த்திருக்கிறார். பாவி.

அக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு கடைசி அடுக்கைத் திறந்து, மிச்சச் சோற்றின் மேல் மோரை ஊற்றினாள்.

"பாதியில எந்திரிக்காதீங்க சார்," என்றாள்.

அவள் வெளியே போனாள். ஜன்னல் வழியே சைக்கிள் ஸ்டாண்டும் தோட்டத்துக் குழாயும் தெரியும். குழாயடியில் தோட்டக்காரனின் பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அக்கா அதைத் தூக்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். மறுபடி நிரப்பினாள். மறுபடி கவிழ்த்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் வெளியே நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யூனிஃபார்ம் புடவை உடம்போடு ஒட்டிக்கொள்ள, அந்தத் தண்ணீருக்கு நடுவில்தான் அவள் வாய்விட்டு அழுதாள். சேகரின் பெயரைச் சொல்லி, இத்தனை வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதாள்.

அவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கையைத் தட்டிலிருந்து எடுத்தார். வாசலில் அவரைக் கொண்டு விட வந்த ஜீப், மாலையை வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தது. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

நான் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றேன்.

"சாப்பிட்டு முடிங்க சார்," என்றேன்.

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டு காலியாகும் வரை நான் நகரவில்லை.